கேலரிக்கு இருபது, புல்மேட்டுக்கு ஐந்து

டிக்கெட்டுக்கு விலை வைத்தவள் நான்தான். செமோர் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துத் திடலில் ஆண்டுதோறும் நடக்கும் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் அது. தகரக் கூரை போட்ட கேலரிக்கு இருபது வெள்ளி, எதிரே வெயில் காயும் புல்மேட்டுக்கு ஐந்து. நிழலுக்குத்தானே காசு! ஈப்போவில் கணக்காளராக இருந்துகொண்டு, இந்த வருடம் டிக்கெட் விற்பனையையும் ஏற்றுக்கொண்ட எனக்கு இதுகூடத் தெரியாதா?

புல்மேட்டு டிக்கெட்டுகள் இரண்டே நாளில் தீர்ந்தன. கேலரிக்கு ஒன்றுதான் போனது, அதுவும் என் அம்மா அம்பிகை வாங்கியது. விலையைப் பத்தாக்கினேன், ஐந்தாக்கினேன். ஆட்டத்தன்று மைக்கைப் பிடுங்கி, "கேலரி ஃப்ரீ! நெழல்ல வந்து உக்காருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஓர் ஆள்கூட அசையவில்லை. காசு கொடுத்து வெயிலில் வேகிறார்கள், நிழல் சும்மா கிடைத்தாலும் வேண்டாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டிக்குப் பணம் கொடுக்கும் ஓடு வியாபாரி கோலாலம்பூரிலிருந்து நேரலை பார்க்கப் போகிறார். இருக்கைகள் காலியாகத் தெரிந்தால் அடுத்த வருடம் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார். பணம் இல்லையென்றால் போட்டியே இல்லை. கேமராவோ புல்மேட்டில், கேலரியைப் பார்த்தபடி நின்றது.

போட்டியை நடத்தும் தர்மேந்திரனைப் பிடித்துக்கொண்டேன். "உங்க ஆளுங்களுக்கு என்னதான் வேணும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது கிராணிங்க பக்கம் லா, அக்கா. யாரும் ஏற மாட்டாங்க. பழகிப்போச்சி."

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இதே தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். கேலரிப் படியேறினேன். அம்மா பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். தர்மேந்திரன் சொன்னது உண்மையா என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றார். "ஒருக்கா ஆட்டம் நடக்கேக்க மழை. வேலையாட்கள் பிள்ளையளோட இதுக்குள்ள ஓடி வந்தவை. உன்ர தாத்தா ஒரு சத்தம் போட்டார். எல்லாரும் திரும்பிப் போய் மழைக்குள்ள நிண்டவை. நான் இதிலதான் நனையாமல் இருந்தனான்."

"முதலே சொல்லியிருக்கலாமே!"

"நீ விலையைப் பற்றித்தானே கேட்டனி."

வெட்கமாக இருந்தது. அம்மா எழுந்து, படியிறங்கி, கோட்டோரமாக நடந்து புல்மேட்டுக்குப் போனார். அங்கே கோல் கீப்பரின் தாய் வீரம்மா, பாயில் நகர்ந்து இடம் விட்டார். கேலரியில் இப்போது ஈ, காக்காய்கூட இல்லை.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆட்களை ஏன் நகர்த்த வேண்டும்? கேமராவைத் தூக்கிக் கேலரியில் வைத்தோம். திரையில் புல்மேடு நிரம்பி வழிந்தது. இடைவேளைக்கு முன்பே ஓடு வியாபாரியின் செய்தி வந்துவிட்டது: "நல்ல கூட்டம்! அடுத்த வருஷமும் நம்ம பணம்தான்."

வெயிலில் அம்மாவின் முகம் சிவந்திருந்தது. நிழலுக்குக் கூப்பிடப் போனேன். "நீ இஞ்ச இரு," என்றார்.

"டிக்கெட் முடிஞ்சிருச்சி லா, அக்கா," என்று தர்மேந்திரன் சிரித்தான்.

வீரம்மா பக்கத்திலிருந்தவர்களை அதட்டி எனக்கும் இடம் பிடித்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "மழ வந்தா என்னம்மா செய்வே?"

"உங்களோட நனையறேன்," என்றேன், ஏதோ பெரிய மனதுக்காரி போல.

"எதுக்கு நனையணும்? சின்ன வயசுல நான் நனைஞ்சதே போதும். வந்தா எல்லாரும் ஒண்ணா அங்க ஓடுவோம்," என்று கேலரியைக் காட்டினார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.