போதும்பொண்ணு வைத்த பெயர்

நான்காவதும் பெண்ணாகப் பிறந்த ஆத்திரத்தில், சாமிக்கு உறைக்கட்டும் என்று அப்பா வைத்த பெயர்தான் போதும்பொண்ணு. சாமிக்கு எங்கே உறைத்தது? அடுத்தடுத்து இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்களுக்கு மட்டும் அகிலா, கலைவாணி என்று ஒழுங்காகப் பெயர் வைத்துவிட்டார் மனுஷன். மாட்டிக்கொண்டது இவள் ஒருத்திதான்.

கல்யாணப் பந்தியில் யாராவது இவளை "போதும்!" என்று கூப்பிட்டால், சாம்பார் வாளியோடு வந்தவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். எத்தனை கல்யாணத்தில் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாவி மகள்!

அவளுக்கே மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, காஞ்சிபுரத்துப் புகுந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. நாகரிகமான குடும்பம் அல்லவா! மாமியார் மங்கையர்க்கரசி பெருமூச்சுதான் விட்டாள், தெருக்கோடிவரை கேட்கும்படி. புருஷன் குரு தறியில் போய் உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. போதும்பொண்ணு கேட்டது ஒன்றே ஒன்று: தன் பெயர் மாதிரி ஒரு பெயர் இந்தக் குழந்தைக்கு வந்துவிடக் கூடாது.

"அந்தக் காலத்துப் பேரெல்லாம் நாங்க வெக்க மாட்டோம்மா" என்று மாமியார் வாக்குக் கொடுத்தாள். பெயர் தேடும் பொறுப்பு நாத்தனார் ஜெயப்ரியாவிடம் போனது. இரண்டும் ஆம்பிளைப் பிள்ளையாகப் பெற்ற மகராசி. பெண் பெயர் தேட அவளைவிடத் தகுதி யாருக்கு உண்டு?

பெயர் வைக்கும் நாளும் வந்தது. குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். அத்தைக்காரிதான் வெற்றிலையைக் காதோரம் மறைத்துப் பிடித்துப் பெயர் சொல்ல வேண்டும். ஜெயப்ரியா ஒரு கையில் வெற்றிலையும் மறு கையில் போனுமாக வந்து நின்றாள்.

"சம்பூர்ணிகா! ஸ்டைலா இருக்குது இல்ல, அண்ணி?"

"நல்லாத்தான் இருக்குது. என்ன அர்த்தம்?"

"நிறைஞ்சு போச்சு, இதுக்கு மேல ஒண்ணும் தேவையில்லன்னு அர்த்தம். அம்மாதான் அப்படிப் பாத்து வெக்கச் சொன்னாங்க."

போதும்பொண்ணு மாமியார் பக்கம் திரும்பினாள். அதே போதும்தான், ஜரிகை பார்டர் போட்டு வந்திருக்கிறது.

"அப்ப இது எம் பேருதான அத்தை?"

"ஐயே! உம் பேரு பட்டிக்காடு. இது சமஸ்கிருதம்மா!"

"எனக்கு இந்தப் பேர வெச்சப்புறமும் எங்கப்பா ரெண்டு பெத்தாரு. பேரெல்லாம் வேலை செய்யாது. போதும்னா உங்க புள்ளய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க, சின்ன ஆபரேஷன்தான். எம் பொண்ணு தலையில எழுதாதீங்க."

வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்த குரு, டம்ளரை விட்டுவிட்டுத் தரையில் ஊற்றினான். போதும்பொண்ணு நாத்தனார் கையிலிருந்த வெற்றிலையைப் பிடுங்கிக்கொண்டு தொட்டிலின் மேல் குனிந்தாள்.

"வேணி. வேணி. வேணி."

ஜெயப்ரியாதான் முதலில் போனைத் தட்டினாள். "வேணின்னா சடையாம்மா. ஆறுன்னும் போட்டிருக்குது."

"சடையா?" என்று மாமியார் இழுத்தாள். "இது ஒரு அர்த்தமா?"

"அது போன்ல இருக்கிற அர்த்தம், அத்தை." போதும்பொண்ணு குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் வெச்சது வேணும்னு. இவ எனக்கு வேணும்."