மூன்று, உடனே ஒன்று

அப்பாவின் கால் வீங்கியிருந்தது. வீடியோவில் பேசும்போது அண்ணி குளிருமென்று சட்டென்று போர்வையை இழுத்து மூடினாலும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. எக்செல் ஷீட்டோ வழக்கம்போல "மாத்திரை: 1" என்றே சாதித்தது.

அந்த ஷீட் நான் போட்டுக் கொடுத்தது. இதயம் பலவீனமானதால் அப்பாவின் உடம்பில் நீர் சேர்கிறது. காலையில் எடையைத் தட்டினால், நீர் இறங்க அன்றைக்கு எத்தனை மாத்திரை என்று டாக்டர் சொன்ன கணக்குப்படி அதுவே சொல்லிவிடும். நெட்டில் இருப்பதால் என் ஊரிலிருந்தே நானும் திறந்து பார்க்கலாம். கால் இப்படி வீங்கிக் கிடக்க ஒன்று எப்படி வரும்? அண்ணன் கப்பல் வேலையில் இருக்கிறான். எடையைத் தட்டுவது அண்ணி. மெஷினில் ஏற்றாமலே கைக்கு வந்த எண்ணைத் தட்டுகிறாள் என்று தோன்றியது. தோன்றியது என்ன, முடிவே கட்டிவிட்டேன்.

எடையை மாற்றினால் விடையும் மாறிவிடும். முந்தைய விடை போன இடம் தெரியாது. அதனால் புதுசாக விடை வரும்போதெல்லாம் அதை நேரத்தோடு இன்னொரு ஷீட்டில் தானாக எழுதிவைக்க ஒரு மேக்ரோ போட்டேன். அந்த ஷீட்டை மறைத்தும் வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாளே அகப்பட்டது. மூன்று, அடுத்த வரியில் ஒன்று. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆக, எடை பார்த்துவிட்டுத் தெரிந்தேதான் குறைக்கிறாள்! கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்வாள், ஆதாரம் சேரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் பொறுத்தேன். தினமும் அதே மூன்று, அதே ஒன்று. சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி பஸ் ஏறினேன்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. கையும் களவுமாகப் பிடிக்க ஜன்னலோரம் நின்றேன். அண்ணி அப்பாவைத் தாங்கிக் கூட்டிவந்து எடை பார்த்தாள், உட்காரவைத்தாள், லேப்டாப்பில் தட்டினாள், பால் பொங்குகிறதென்று சமையலறைக்கு ஓடினாள். அவள் தலை மறைந்ததுதான் தாமதம், அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். ஒற்றை விரலால் தட்டினார்.

"அப்பா!" என்று உள்ளே பாய்ந்தேன். "உயிரோட விளையாடுறீங்களா?"

திருதிருவென்று முழித்தார். "கத்தாதம்மா. அவ பாலுக்கு ஓடுற நேரம் பாத்துத்தான் தினமும் எடையைக் குறைச்சுப் போடுறேன். மூணு போட்டா நாள் பூரா பாத்ரூம்தான். ஒவ்வொரு தடவையும் அவதான் தையலை விட்டுட்டு வந்து என்னைத் தூக்கணும். அவ இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

அண்ணி மாத்திரை டப்பாவோடு வந்து நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆனால் பார்த்தது என்னைத்தான்.

"ஏதோ தெரிஞ்சுதான் இப்படி வந்திருக்க."

மறைத்த ஷீட்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இது யாரைப் பிடிக்க வச்சது?"

"உங்களை, அண்ணி." வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்கு அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். முதல் வரியின் மேல் விரலை வைத்துக் கேட்டாள்.

"இதை எப்ப பாத்த?"

"அன்னிக்கே."

"அன்னிக்கே ஒரு போன் போட்டிருந்தா, அன்னிக்கே மூணு குடுத்திருப்பேனே."

டப்பாவைத் திறந்து மூன்று மாத்திரைகளை எடுத்தாள். நான் கீழே உட்கார்ந்து அப்பாவின் காலைத் தொட்டேன். விரல் அழுந்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.