ஜக்கையன் காய்

ரமீஸா கடையில் உட்கார்ந்து, சல்லடையில் நின்ற ஏலக்காயைத் துழாவி, வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தபோது ஜக்கையன் மூட்டையோடு வந்தார். குரங்கணிக்கு மேலே ஒன்றரை ஏக்கர் தோட்டம் அவருக்கு.

"மொதலாளி இல்லையா ஆத்தா?"

"சாப்பிடப் போயிருக்காரு. ஒக்காருங்கண்ணே."

அவர் உட்காராமல் போனை நீட்டினார். "எல்லாம் இங்கிலீசுல கெடக்கு. மூணு வாரமா இந்த ஏஜெண்டு ஒரு காயும் விக்க மாட்டேங்குது. என்னன்னு பாரு."

இப்போதெல்லாம் விலை பேசுவது போனில் இருக்கும் ஏஜெண்டு என்ற செயலிதான். விற்பவரின் ஏஜெண்டும், டெல்லியிலோ இந்தூரிலோ வாங்குபவரின் ஏஜெண்டும் தாமாகவே பேசி முடித்துக்கொள்ளும். யார் சொன்ன தரத்தில் சரக்கு அனுப்பினார், யார் ஏமாற்றினார் என்று தங்களுக்குள் சொல்லியும் வைக்கும்.

ரமீஸா பார்த்தாள். ஜக்கையனின் ஏஜெண்டு பதினேழு பேரிடம் கேட்டிருந்தது. பதினேழும் ஒரே பதில்: இவரை நம்ப முடியாது. கீழே ஒரு தேதி.

அது அவளுக்குத் தெரிந்த தேதி. தரம் பிரித்து அனுப்பச் சொல்லி ஜக்கையன் கொடுத்திருந்த மூட்டைகளில் முதலாளி முத்துக்கிருஷ்ணன் பாதியை உருவிக்கொண்டு, போன வருஷத்து வெளுத்த காயை நிரப்பினார். டெல்லியில் சரக்கு பிடிபட்டதும், கலப்படம் தோட்டத்திலேயே நடந்ததா என்று வாங்கிய ஏஜெண்டு கேட்டது. தரம் பார்த்தவள் என்று அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஆமான்னு அமுக்கு," என்றார் முத்துக்கிருஷ்ணன் அன்று. "கடை பேரு கெட்டா பன்னெண்டு பொம்பளைகளுக்கும் சோலி கெடையாது."

அவள் அமுக்கினாள்.

"என்னத்தா போட்டிருக்கு?" ஜக்கையன் போனை எட்டிப் பார்த்தார்.

"சரியாத் தெரியலண்ணே." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜக்கையன் குரலைத் தாழ்த்தினார். "நாந்தேன் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். காய்ச்சல் பத்தாம ஈரம் நின்னுருக்கும். மன்னிப்புக் கேட்டா அதுக ஏத்துக்குமா? நீ எழுதிக் குடு. காய் பாக்குறவ, உன் சொல்லை நம்புமில்ல."

அவள் வாயெடுக்குமுன் வாசலில் பைக் நின்றது.

முத்துக்கிருஷ்ணன் மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்தார். பச்சை மாறாத காய். "என்ன செய்யிறதுண்ணே, உங்க பேரு கெட்டுப்போச்சே. பாதி வெலைன்னா எடுத்துக்கிறேன்."

"பெரிய மனசுய்யா," என்று ஜக்கையன் கும்பிட்டார். ரமீஸா பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். அவள் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் படியிறங்கியதும் மூட்டையைக் கொட்டிச் சலித்தாள். பொறுக்கி எறிய ஒரு காய்கூட இல்லை.

"நம்ம கடைச் சீட்ட ஒட்டு. வெரசா," என்றார் முத்துக்கிருஷ்ணன்.

ஒட்டிப் படமெடுத்து அனுப்பினாள். முதல் தரம், முழு விலை என்று டெல்லி ஏஜெண்டு உடனே ஒத்துக்கொண்டது. கடை மேல் இருக்கும் நம்பிக்கையால் சோதனை தேவையில்லை என்றது.

எதிர் டீக்கடையில் ஜக்கையன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கிளாஸைச் சற்றே உயர்த்தி, "உனக்கும் ஒண்ணு சொல்லட்டுமா ஆத்தா?" என்று கேட்டார். ரமீஸா குனிந்து சாக்கின் வாயைத் தைக்கத் தொடங்கினாள்.