படத்தில் இருந்த சடை

எங்கள் ஊருக்குக் கப்பலூர் என்று பெயர். கப்பலைக் கண்டவர் எவரும் இல்லை. கடல் தாண்டிச் சைகோனில் சரக்குக் கிட்டங்கிக் காவலுக்குப் போன அத்தான், அக்கா அன்னக்கொடியையும் மூன்று வயது மகன் காளையையும் அங்கே வரச் சொல்லி எழுதியதிலிருந்து, எனக்கு வயல்களெல்லாம் அலையடிப்பதாகத் தோன்றும். காற்றில் நாற்று ஒரு பக்கமாகச் சாயும்போது அதன் மேல் வெள்ளையாக ஒரு கப்பல் சத்தமில்லாமல் கிழக்கே போகும்.

மதுரையில் மனு எழுதும் துளசிராம்தான் அக்காவின் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார். தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் படம் ஒட்டி, மகன் என்று எழுதியிருந்தது. பிறந்த முடி இறக்குமுன் ஆண்பிள்ளைக்கும் சடை பின்னி, பூத் தைத்து, பாவாடை கட்டிப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். காளையும் அப்படித்தான் இருந்தான். தோளுக்கு முன்னால் சடை, நெற்றிச்சுட்டி, கண்ணில் மை.

"பொம்பளப் பிள்ளையான்னு ரெண்டு தடவ கேட்டுட்டாங்கம்மா. மகன்னு எழுத வைக்க நான் பட்ட பாடு!" என்றார் துளசிராம். "இனி கப்பல் ஏறுற வரைக்கும் பிள்ள இந்தப் படத்துல இருக்க மாதிரியே இருக்கணும்."

அக்காவின் முகம் வாடியது. "ஞாயித்துக்கிழமை கருப்பசாமிக்கு முடி இறக்குறோமே, அண்ணே."

"மொட்டத் தலையோட போனா, வேற யார் பிள்ளையோன்னு துறைமுகத்துலயே நிறுத்திருவாங்க. சின்னப் பிள்ளைக்கு வேற அடையாளம் ஏது?"

முடி இறக்காமல் கடல் தாண்டினால் சாமிக் குத்தம். இறக்கினால் அக்கா அங்கே, காளை இங்கே. முடி இறக்கும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், எங்கள் அண்ணன் விருமாண்டி, கேட்டதும் குதித்தான்.

"சாமி பெருசா, காகிதம் பெருசா? கெடா வாங்கியாச்சு. பிள்ளைய விட்டுட்டுப் போ, நான் வளக்குறேன்."

"நீ வளத்த லட்சணந்தான் தெரியுமே. உன் சேவலே பக்கத்து வீட்டுலதான் அடையுது" என்ற அக்கா, சொன்ன வாயை மூடுமுன் அழுதுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரைக் கோயிலில் அண்ணன் மடி கொடுத்து உட்கார்ந்தான். தலையில் தண்ணீர் தடவியதும் அந்தச் சுகத்தில் காளை தூங்கிப்போனான். ஈர முடி அண்ணனின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. நாவிதர் கத்தியைத் தீட்டினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மகனின் பாதத்தைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்மாயின் வெளிச்சம் எல்லார் முகத்திலும் ஆடியது.

"நிறுத்துப்பா" என்றான் அண்ணன். "பூமுடி மட்டும் எடு. மூணு கொத்து போதும்."

"மிச்சம்?" என்றார் பூசாரி சோணை.

"அது சாமி முடிதானே. சாமி கடலப் பாத்ததில்லைல, பாத்துட்டு வரட்டும். வந்த பிறகு முழுசா இறக்குவோம். அதுவரைக்கும் ஈடா என் முடி."

"உன் மண்டையில அம்புட்டு முடி ஏது மாப்ள? சாமி கோவிச்சுக்கும்" என்றார் சோணை. ஆனாலும் திருநீற்றை எடுத்துக் காளையின் நெற்றியில் பூசிவிட்டார்.

நாவிதர் மூன்று கொத்து முடியை நறுக்கி எடுத்தார். காளையை அக்காவின் தோளில் கிடத்திவிட்டு, அண்ணன் தலையைக் குனித்தான். அவன் முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. கடைசிக் கொத்து விழுந்தபோது காளை கண் விழித்தான். எதிரே பளபளவென்று ஒரு மொட்டைத் தலை. வீறிட்டு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"அடேய், மாமன்டா!"

காளை நம்பவில்லை.

"பாத்தியா, துளசிராம் அண்ணே சொன்னது சரிதான்" என்று ஈரத் தலையைத் தடவிக்கொண்டு அண்ணன் சிரித்தான். அக்காவும் சிரித்தாள்.