ஸ்வாபியன் கழற்றிய பெல்ட்

"ஒரு ஸ்வாபியன், அதுவும் பென்ஷன் வாங்குற ஸ்வாபியன், யாரும் கேக்காம, ஒரு செண்ட் காசு வாங்காம, இடுப்புல இருந்த புதுத் தோல் பெல்ட்டக் கழட்டி ஒரு பாடன் வண்டிக்குக் குடுத்தான்!"

குட்ரூன் இப்படி அறிவித்ததும், ஃபோர்ட்ஸ்ஹைமில் அவள் தங்கை வீட்டுத் தோட்டத்தில் ப்ளம் கேக்கும் வாயுமாக உட்கார்ந்திருந்த பழைய வண்டிச் சங்கத்தார் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரையேறியது. பூமி உருண்டையாக இல்லை, பிரெட்சல் ரொட்டி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது என்று அவள் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வாபியன் சும்மா கொடுத்தான் என்றால் யார் நம்புவது? அதுவும் காலங்காலமாக ஆகாத பக்கத்துச் சீமை பாடன்காரிக்கு?

எல்லாக் கண்களும் எகோன் பக்கம் திரும்பின. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே ஸ்வாபியன் அவன். குட்ரூனின் தங்கை ரோஸ்வித்தாவின் புருஷன். தோட்டத்துக் கதவருகே, இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, தேர்வில் மாட்டிக்கொண்ட மாணவன் போல நின்றான். வாயைத் திறக்கவில்லை.

அவன் வாயைத் திறப்பதில்தான் குட்ரூனின் பிழைப்பே இருந்தது.

பாடன் சீமையின் மான்ஹைமில் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்வு பெற்றவள் குட்ரூன். ரைன் நதியின் இந்தக் கரையில் ஸ்டியரிங் பிடிப்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து சைக்கிளிலேயே காலம் தள்ளுகிறவர்கள். எகோன் ஸ்டுட்கார்ட்டில், நட்சத்திரச் சின்னம் போட்ட தொழிற்சாலையில், காரின் கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தே தலை நரைத்தவன். மயிரிழை கூடினாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தக் கம்பெனியின் பெயர் உலகமெல்லாம் நிற்பது தன்னுடைய அளவுகோலின் மேல்தான் என்பது அவன் எண்ணம். கல்யாணத்தன்று ரோஸ்வித்தாவின் முக்காடு இரண்டு தோளிலும் சமமாகத் தொங்குகிறதா என்று பாதிரியாரைக் காத்திருக்க வைத்துப் பார்த்த ஆசாமி.

ஞாயிற்றுக்கிழமைக் காப்பி மேஜையில் இருவருக்கும் ஒரே சண்டைதான். உலகத்தின் முதல் காரைச் செய்தது யார்? மான்ஹைமில் இருந்த எங்கள் பென்ஸ் என்பாள் இவள். ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கான்ஷ்டாட்டில் இருந்த எங்கள் டெய்ம்லர் என்பான் அவன். அந்த இரண்டு பெரியவர்களும் நேருக்கு நேர் நின்று ஒரு வணக்கம் சொல்லிக்கொண்டதாகக்கூடச் சேதியில்லை. ஆனாலும் அவர்களுடைய கம்பெனிகள் 1926-ல் கல்யாணம் செய்துகொண்டு சண்டையை முடித்துக்கொண்டன. குட்ரூன் குடும்பத்தில் கல்யாணத்துக்குப் பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது.

இந்த வசந்த காலத்தில் குட்ரூன் தன் காரைப் பின்பக்கமாக எடுத்தபோது எகோனின் குப்பைத் தொட்டி நசுங்கியது. அதோடு சண்டை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"தொட்டி நின்ன இடத்துலதான் நின்னுச்சு, மதினி. நீங்கதான் அதுமேல போனீங்க."

"அது குறுக்க வந்துச்சு, மாப்ள. சிக்னல் போடாமத் திரும்புன தொட்டிய நான் அன்னிக்குத்தான் மொதமொதப் பாத்தேன்."

ரோஸ்வித்தா கேக்கை வெட்டிக்கொண்டே, கத்தியைப் பார்த்தபடி சொன்னாள். "அக்கா, வயசானவங்க லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டா ஒரு வருஷத்துக்கு பஸ் பாஸ் சும்மாத் தர்றாங்களாம்."

'சும்மா' என்ற சொல்லைக் கேட்டதும் எகோனின் முகத்தில் விடிவெள்ளி முளைத்தது. குட்ரூனுக்கோ காப்பி கசந்தது. ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளை, ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த நிறுத்தத்துக்குப் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அதற்கு அவளைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிடலாம்.

"எங்க பென்ஸோட பொண்டாட்டி பெர்ட்டாகிட்ட யாரு லைசென்ஸ் கேட்டா?" என்றாள். "புருஷன்கிட்டச் சொல்லாம, ரெண்டு பசங்களக் கூட்டிக்கிட்டு, மான்ஹைம்லேருந்து இந்த ஊருக்கு அம்மா வீட்டுக்கு வந்தா. அப்படி ஒரு வண்டி அவ்வளவு தூரம் ஓடும்னு ஒலகத்துல ஒருத்தனும் நம்பாத காலம். பெட்ரோல் குழாய் அடைச்சுக்கிச்சு, தொப்பி ஊசியால குத்தி எடுத்தா. வயர் ஒரசிச்சு, தொடையில மாட்டுற ஸ்டாக்கிங் பட்டையக் கழட்டிச் சுத்துனா. அவ ஓட்டலேன்னா ஒங்க நட்சத்திரம் எங்கேருந்து வந்திருக்கும்?"

எகோன் முட்கரண்டியைத் தட்டுக்கு இணையாக வைத்தான். "தொப்பி ஊசியெல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை, மதினி. பிரேக்குக்கு வழியில ஒரு செருப்புத் தைக்கிறவன் தோல் அடிச்சுக் குடுத்தானாம்! நான் அளந்து பாக்காத எதையும் நம்ப மாட்டேன்."

"அப்ப வந்து அளந்துக்குங்க!"

அந்த நிமிடமே பந்தயம் முடிவாயிற்று. சங்கத்தார் செய்து வைத்திருந்த அந்தப் பழைய மூன்று சக்கர வண்டியின் நகல் மான்ஹைம் கொட்டகையில் நின்றது. அதில் குட்ரூன் மான்ஹைமிலிருந்து புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் தங்கை வீட்டு வாசலுக்கு வர வேண்டும். பெர்ட்டாவிடம் இல்லாத கருவி எதுவும் கூடாது. சாட்சிக்கு எகோன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான், பெர்ட்டாவின் பசங்களுக்குப் பதிலாக ஏற்றத்தில் தள்ளுவான். தோற்றால் குட்ரூன் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு பஸ் பாஸ் வாங்க வேண்டும்.

"நான் ஜெயிச்சா?"

"ஒரு குறையும் சொல்ல மாட்டேன்."

"ஒங்க ஊர்ல திட்டாம விட்டாலே பாராட்டுன மாதிரி. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எல்லார் முன்னாடியும், 'நடந்தது'ன்னு ஒங்க வாயால சொல்லணும்."

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும், குட்ரூன் நீளப் பாவாடையும் கோபுரம் போன்ற தொப்பியும் அணிந்து வந்தாள். ஊசி குத்துவதற்காகவே வாங்கிய தொப்பி அது. எகோன் புதுப் பெல்ட் மாட்டி, இடைவெளி அளக்கும் தகட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தான். பின்னாலிருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றியதும் வண்டி இருமி, தும்மி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நகர ஆரம்பித்தது.

அந்த வேகத்தை என்னவென்று சொல்ல! சைக்கிள்கள் முந்தின. நாயோடு நடை போனவர்கள் முந்தினார்கள். ஹைடல்பெர்க் தாண்டியதும் நத்தை ஒன்று பின்னாலிருந்து ஹாரன் அடித்ததாகக் குட்ரூன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். டிராக்டரில் வந்த ஒருவன் வேகத்தைக் குறைத்து, "அம்மா, கயிறு கட்டி இழுக்கட்டுமா?" என்றான்.

"ஒன் டிராக்டரோட கொள்ளுப்பாட்டிடா இவ! தொப்பியக் கழட்டிட்டு ஒதுங்கிப் போ!"

அவன் நிஜமாகவே தொப்பியைக் கழற்றினான்.

வீஸ்லோக்கில் எரிபொருள் வற்றியது. பெட்ரோல் பங்க் எதிரிலேயே இருந்தது. எகோன் அதைக் கண்ணால் காட்டினான். குட்ரூன் அந்தப் பக்கம் திரும்பாமல், அன்றைக்குப் பெர்ட்டா செய்தது போலவே ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்து, கறை எடுக்கும் பென்சின் இருப்பதையெல்லாம் கொடு என்றாள்.

கடைக்காரப் பெண் பாட்டில்களை அடுக்கியபடி, "எவ்வளவு பெரிய கறைங்க?" என்று கேட்டாள்.

"இங்கேருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நீளம், கண்ணு."

ப்ரூக்ஸாலை நெருங்கும்போது வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றது. எகோன் மடித்து வைத்திருந்த ரொட்டியைப் பிரித்தான். "முடிஞ்சுதா, மதினி? இங்கேருந்து பஸ் இருக்கு."

குட்ரூன் தொப்பியிலிருந்து ஊசியை உருவினாள். தொப்பி காற்றில் பறந்து சோளக்காட்டுக்குள் விழுந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், புழுதியில் மண்டியிட்டு, குழாய்க்குள் ஊசியைவிட்டுக் குடைந்தாள். கட்டியாக ஓர் அழுக்கு வெளியே வந்தது. எகோன் ரொட்டியை வைத்துவிட்டு ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குழாயின் வாயைத் தகட்டால் அளந்தான்.

"அளவு சரியாத்தான் இருக்கு," என்றான், பல்லைப் பிடுங்கினாற்போல.

"இப்ப மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்புங்க, மாப்ள. வயர் பொறி தட்டுது, பட்டையக் கழட்டணும்."

எகோன் முகத்தை மட்டுமல்ல, உடம்பையே திருப்பி, ப்ரூக்ஸால் தேவாலயத்தைப் பார்த்து நின்றான். வண்டி மறுபடி கிளம்பிய பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினான். கிளம்பிய வண்டியைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. ஓட என்றால், வேகமாக நடக்க.

வில்ஃபர்டிங்கன் தாண்டியதும் ஏற்றம். எகோன் இறங்கித் தள்ளினான். முகம் பீட்ரூட் ஆயிற்று.

"பெர்ட்டாவுக்கு எளவட்டப் பசங்க ரெண்டு பேரு!" என்று மூச்சிரைத்தான்.

"நீங்க ஒருத்தரே ரெண்டு பேர் எடை இருக்கீங்க. பேசாமத் தள்ளுங்க!"

ஏற்றத்தின் உச்சியில் கீழே ஃபோர்ட்ஸ்ஹைம் தெரிந்தது. குட்ரூன் பிரேக்கை இழுத்துப் பார்த்தாள். கருகிய நாற்றம்தான் வந்தது. சக்கரத்தை அழுத்தும் மரக்கட்டைகளின் மேல் ஒட்டியிருந்த தோல் வழியெல்லாம் தேய்ந்து தூளாகி, ஆணிகள் மட்டும் பல்லிளித்துக்கொண்டிருந்தன. முன்னால் இருந்தது செங்குத்தான இறக்கம். சூரியன் எதிர்க் குன்றின் தோளில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கே செருப்புத் தைக்கும் கடை ஒன்று இருந்ததாகக் குட்ரூனுக்கு நினைவு. பலகை இருந்தது, கடை இல்லை. உள்ளே நகத்துக்கு வண்ணம் பூசும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குட்ரூன் கரி படிந்த கைகளை நீட்டித் தோல் கேட்டாள். அந்தப் பெண் கைகளைப் பார்த்துப் பதறி, "இதுக்கு ரெண்டு மணி நேரமாவது ஆகும் மேடம்," என்றாள்.

குட்ரூன் வெளியே வந்தாள். சிரிப்பு நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்து, திருப்பும் கைப்பிடியைப் பிடித்தாள்.

"மாப்ள, எறங்குங்க. நான் தனியாப் போறேன்."

"பிரேக் இல்லாமலா?"

"ஷூவத் தரையில தேய்ச்சு நிறுத்திக்குவேன்."

"மதினி, வெளையாடாதீங்க. செத்துருவீங்க."

"சாவேன். ஆனா லைசென்ஸோட சாவேன்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கைப்பிடியின் மேல் அவள் விரல்கள் வெளுத்திருந்ததை எகோன் பார்த்தான். அவன் ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும். இன்னும் கொஞ்ச நேரம் வாதாடிப் பொழுதைக் கடத்தினாலே ஜெயித்துவிடுவான். இறக்கத்தைப் பார்த்தான். சூரியனைப் பார்த்தான். அந்த மொட்டைக் கட்டைகளைப் பார்த்தான். கடைசியில், ஏதோ சாபத்துக்குக் கட்டுப்பட்டவன் போல, பெல்ட்டின் கொக்கியில் கை வைத்தான்.

புதுப் பெல்ட். கடையில் தள்ளுபடி போட வேண்டும் என்று இரண்டு குளிர்காலம் காத்திருந்து வாங்கியது. பேனாக் கத்தியால் அறுத்தான். அறுப்பதற்கு முன்னால் இரண்டு துண்டும் சமமா என்று மடித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை அவனால். பழைய ஆணிகளைப் பிடுங்கி, ரோட்டோரக் கல்லால் புதுத் தோலின் மேல் அடித்தான். கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே தகட்டைவிட்டு இரண்டு பக்கமும் அளந்தான்.

"இப்ப இழுங்க," என்றான்.

குட்ரூன் பிரேக்கை இழுத்தாள். பிடித்தது.

இறங்கினார்கள். தோல் முனகியது, புகைந்தது, பிடித்தது. எகோன் ஒரு கையால் இருக்கையையும் மறு கையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு வந்தான். தேவாலயக் கூரையில் கடைசி வெயில் இருக்கும்போதே வண்டி ரோஸ்வித்தா வீட்டு வாசலில் நின்றது. புதுக் குப்பைத் தொட்டிக்கு ஒரு சாண் இப்பால்.

இறங்கியதும் குட்ரூனால் வாயை அடக்க முடியவில்லை. அந்தக் கூப்பாடுதான் முதலில் நீங்கள் கேட்டது.

இப்போது மேஜையின் மேல், கேக்குக்குப் பக்கத்தில், அவளுடைய லைசென்ஸ் கிடந்தது. சாம்பல் நிறத்தில், நைந்து, ஊரார் 'கந்தல்' என்று கூப்பிடும் பழைய மாதிரி. ஒட்டியிருந்த படத்தில் குட்ரூன் உலகத்தையே முந்தப்போகிறவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள் ரோஸ்வித்தா புருஷனிடம். "அக்கா சொன்ன பெல்ட் கதைய விடுங்க, அது எப்பவும் அளக்கும். வண்டி வந்துச்சா? பெர்ட்டாகிட்ட இல்லாதது எதையாவது வச்சு அக்கா ஓட்டுச்சா?"

எகோனிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. பெர்ட்டாவிடம் என் பெல்ட் இல்லை என்று சொன்னால் போதும். பஸ் பாஸ் நிச்சயம். குட்ரூனுக்கும் அது தெரியும்.

"குறை சொல்ல ஒண்ணும் இல்ல," என்றான் எகோன்.

ஸ்வாபியர்களை அறிந்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அவன் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு புகழ்ந்ததில்லை.

"அது பத்தாது, மாப்ள. அந்த வார்த்தை."

எகோன் மேஜைக்கு வந்தான். லைசென்ஸை எடுத்துக் குட்ரூன் பக்கம் நீட்டப்போன வலது கை கேக் தட்டுக்கும் காப்பிக் கெண்டிக்கும் நடுவே சிக்கியது. இடது கையைப் பையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கால்சட்டை ஒரு கணம் யோசித்துவிட்டு இறங்க ஆரம்பித்தது. அவன் தாவிப் பிடிப்பதற்குள், இடுப்பைச் சுற்றிலும் காலியாகக் கிடந்த பெல்ட் வளையங்களைச் சங்கம் முழுக்கப் பார்த்துவிட்டது.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தான். பிறகு, ஒரு கையில் கால்சட்டையும் ஒரு கையில் கந்தலுமாக நிமிர்ந்து நின்றான்.

"நடந்தது," என்றான் எகோன். "ஊசியும் நடந்தது, பட்டையும் நடந்தது. நாந்தான் திரும்பி நின்னுட்டேன். பெல்ட் என்னுதுதான். யாரும் கேக்கல, நானாத்தான் குடுத்தேன். அன்னிக்குத் தோல் அடிச்சவன் எடத்துல இன்னிக்கு நான்."