கக்கூஸ் கதவுக்கு ஒரு விண்ணப்பம்

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெண்கள் கக்கூஸின் கதவு இற்று விழுந்து மூன்று மாதமாகிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றடித்தால் மானம் போகும். பசை ஒட்டும் பிரிவில் இருந்த ஒருத்தி பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே கிடந்து, நீர்க்கடுப்பு வந்து துடித்தாள். அவள் புருஷன்தான் சங்கச் செயலாளர். வெட்டு மிஷினில் வேலை. கம்பெனியே அவரைப் புலவர் என்றுதான் கூப்பிடும்.

"மேனேஜருக்கு எழுதிட்டேன். கல்லும் கரையும் பாரு" என்றார்.

கதவு வரவில்லை. விண்ணப்பம்தான் கண்ணாடிச் சட்டத்துக்குள் மேனேஜர் அறைச் சுவரில் ஏறியது.

மேனேஜர் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். "பிரமாதம்யா! பாதி புரியல. ஆனா என்னைப் புகழ்ந்திருக்கன்னு தெரியுது. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறேன்."

புலவருக்கு உச்சி குளிர்ந்தது. கதவைப் பற்றிக் கேட்கவே மறந்துபோனார். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெருமையைச் சொல்லி, நகலையும் எடுத்து நீட்டினார். மனைவி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"'ஈண்டு மகளிர் மறைவிடத்துக் கபாடம் வீழ்ந்தமையின் அன்னார் நாணி நைகின்றனர்; அண்ணலே, அருள்க.' யோவ், இதுல கதவு எங்கய்யா இருக்கு?"

"கபாடம்னா கதவுதான்."

"அப்ப கதவுன்னு எழுதினா கை சுளுக்கிக்குமா?"

"மதிப்பா இருக்காதுடி."

"மதிப்பு உனக்கு. சாக்கப் புடிச்சிட்டு நிக்கிறது நானு!"

பக்கத்தில் சாப்பிட்டவர்களுக்குப் புரையேறியது.

"இப்ப நீ ஒழுங்கா எழுதல, நானே அவரு ரூம்ல போய் நின்னு கத்துவேன்."

புலவர் எழுதினார்: 'பெண்கள் கக்கூஸுக்கு மூன்று மாதமாகக் கதவு இல்லை. உடனே போடுங்கள்.' அவருக்குப் பார்க்கவே கூசியது. எழுத்து அம்மணமாக நடுரோட்டில் நிற்பது போலிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு 'அண்ணலே' சேர்க்கப் போனார். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

மேனேஜர் படித்தார். முகம் செத்துவிட்டது. "மூணு மாசமாவா? இத முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?"

புலவர் சுவரைக் காட்டினார். "அதத்தான் சார் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்க."

சாயங்காலமே தச்சர் வந்தார். கதவும் தாழ்ப்பாளும் ஏறின. முதலில் உள்ளே போனவள் புலவர் மனைவிதான். வெளியே வரிசை நீண்டது. பொறுக்க முடியாமல் ஒருத்தி கதவைத் தட்டினாள்.

"ஏண்டி, உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா?"

"இருங்கடி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்பத்தான் நிம்மதியா உக்காந்திருக்கேன்."