பின்னங்கால் இல்லாத நாற்காலி

நீலாவதிக்கு விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கலியமூர்த்தி அன்று பெண் பார்க்க வருகிறான். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியன். பீங்கான் ஃப்யூஸ் கட்டை வாங்க விருத்தாசலம் வரும்போதெல்லாம், அவள் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் பட்டறைப் பக்கம் ஒரு எட்டு வந்து நின்றுவிட்டுப் போவான். நின்றதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனேதான் ஆள் விட்டுக் கேட்டிருந்தான். இந்த இடம் தட்டிப்போனால் வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

வீட்டில் நாற்காலி கிடையாது. அப்பா சுப்புராயன், சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் அப்துல் மாலிக் கடையிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலிகளை இரவல் வாங்கி வந்தார். ஆனால் சுவரில் பாருங்கள், நாலு நாற்காலி! சூளை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் பட்டறையில் விட்டுப்போன பழைய காலண்டர் படங்கள். மாதத்துக்கு ஒரு நாற்காலி. ஆளில்லை, பூவில்லை, வெறும் நாற்காலி. பலகையை அப்பளம் மாதிரி வளைத்தது ஒன்று, பின்னங்காலே இல்லாதது ஒன்று. குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி, நாலை மட்டும் வெட்டி, மாலிக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள்.

"சாமி எங்கம்மா? எழுந்து போயிட்டாரா?" என்று மாலிக் பாய் கேலி செய்ததை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா வீரம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கண்ணாடி போட்ட படம் பொட்டில்லாமல் இருக்கலாமா? வெள்ளிக்கிழமை தோறும் நாலுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவாள். வினை அங்கேதான் பிடித்தது.

மாப்பிள்ளையோடு வந்த தாய்மாமன் ராஜாங்கம் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தார். மஞ்சள் குங்குமத்தோடு இருந்தால் அது சீர்ப் பொருள்தானே!

"பலே! குடுக்கப்போற சீர படம் புடிச்சில்ல மாட்டியிருக்காங்க!"

அவர் முகம் மலர்ந்ததைக் கண்ட சுப்புராயன், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். அட பாவி மனுஷா!

"பின்னங்கால் இல்லாதது வேணாங்க. மத்த மூணும் இருக்கட்டும்" என்றார் ராஜாங்கம்.

காபித் தட்டோடு வந்த நீலாவதியின் காதில் இது விழுந்தது. வாயை மூடிக்கொண்டால் கல்யாணம் நடக்கும். நாளைக்கு அப்பா சீமை நாற்காலிக்கு எங்கே போவார்? தட்டைக் கீழே வைத்தாள்.

"அது சீரு இல்லீங்க. அழகுக்கு நான்தான் மாட்டுனேன். நீங்க உக்காந்திருக்கறதே மாலிக் பாய் கடை நாற்காலி."

ராஜாங்கம் விருட்டென்று எழுந்தார். "நாற்காலி இல்லாத வூட்ல நாற்காலி படத்துக்குப் பொட்டா? எழுந்திரிடா!"

கலியமூர்த்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பின்னங்கால் இல்லாம இது எப்பிடி நிக்குது?"

"ஒரே குழாயிங்க. வளைச்சி வளைச்சி வுட்டிருக்காங்க. உக்காந்தா லேசா ஆடும்னு நெனைக்கிறேன்" என்றாள் நீலாவதி.

"ஆடுமா?" என்றவனை மாமன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. கடுதாசியே இல்லை. பொம்மைகளுக்கு அவள் எழுதிய கண்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. "என்னாம்மா, எல்லாம் பெண்ணாடம் பஸ்ஸுக்கா நிக்குது?" என்றார் மேஸ்திரி காத்தவராயன். வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கழற்றுவாள், மறுபடி மாட்டுவாள். உண்மையைச் சொல்லித்தான் கெட்டேன் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். சொல்லாமல் இருந்திருக்கவும் அவளால் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் கலியமூர்த்தி நின்றான். தனியாகத்தான் வந்திருந்தான். தோளில் ஒரு நாற்காலி: இரும்புக் குழாய், கட்டில் நாடாப் பின்னல், பின்னங்கால் இல்லை.

"ரெண்டு குழா ஒடிஞ்சிட்டுது. மணல ரொப்பி வளைச்சப்பறம்தான் சரியா வந்துது. அதான் நாளாயிட்டுது."

"உங்க மாமா?" என்று சுப்புராயன் இழுத்தார்.

"கட்டிக்கப்போறது நானுங்க" என்றவன் நாற்காலியை இறக்கி வைத்து, நீலாவதியைப் பார்த்தான். "உக்காந்து பாருங்க."

"அவரு நிக்கறப்ப நீ உக்கார்றதாடி?" என்று வீரம்மாள் பதறினாள்.

நீலாவதி உட்கார்ந்தாள். நாற்காலி லேசாக ஆடியது. அவன் கையைப் பிசைந்துகொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நின்றான்.

அவனை மேலும் கீழுமாக, சாவகாசமாகப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "புடிச்சிருக்குதுங்க."